டெனிஸ்டனின் முதல் தமிழ் வேடம்

அடுத்த மாதம் டெனிஸ்டனுக்குப் பாராட்டு விழா. பொன்னாடை, பட்டம், விழா மலர் எல்லாம் உண்டு. மலருக்கு அவனைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், நடித்த நாடகங்கள், சமூக சேவை, கடைசியில் ஒரு வாழ்த்து. “ஒரு பக்கத்துக்குள்ளை முடியுங்கோ அண்ணை. மற்றப் பக்கம் ரியல் எஸ்டேட் விளம்பரம்” என்றார் மலராசிரியர். முடித்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். வாசித்துவிட்டு யாராவது திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். அதற்கு உரிய ஆள் நான்தான்.

நான் சண்முகலிங்கம். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கிறேன். முப்பது வருசமாக எங்கள் நாடக மன்றத்துக்கு நாடகம் எழுதுகிறவனும், பழக்குகிறவனும், மண்டபம் பிடிக்கிறவனும், ரிக்கற் விற்கிறவனும், எல்லோரும் போன பிறகு கதிரை அடுக்குகிறவனும் நான்தான். கலைத்தொண்டு என்று இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. என் மனைவி வேறு பெயர் வைத்திருக்கிறாள்.

சூசைப்பிள்ளை டெனிஸ்டன் இளவாலையில் பிறந்தவன். எண்பத்தொன்பதில் கனடாவுக்கு வந்தான். அகதி வழக்கில் வென்று, பாண் செய்யும் தொழிற்சாலையில் பல வருசம் நின்று, பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனான். இன்றைக்கும் அந்த மஞ்சள் பஸ்ஸைத்தான் ஓட்டுகிறான். காலையில் இரண்டரை மணித்தியாலம், பின்னேரம் இரண்டரை மணித்தியாலம். நடுவில் கிடைத்த நேரத்தில்தான் அவனுடைய கலைவாழ்க்கை முழுவதும் நடந்தது. ஆள் நல்ல வெள்ளை, உயரம், பூனைக்கண். குளிர்காலத்தில் மூக்கு நுனி சிவந்துவிடும். அந்தக் கண்ணும் மூக்கும் அவனைப் பாதி கெடுத்தன. மீதியை நான் கெடுத்தேன்.

தொண்ணூற்று நாலில் அகதி வழக்கு ஒன்றைப் பற்றி முதல் நாடகம் போட்டோம். நடிக்க ஆள் தேவை என்று கடைகளில் நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு டெனிஸ்டன் வந்தான். கையில் தொப்பி, சப்பாத்தில் பனி. ஒரு பார்வைதான் பார்த்தேன்.

“நீதான் நீதவான்” என்றேன்.

“அண்ணை, நான் அந்த அகதிப் பெடியனா நடிக்கத்தான் வந்தனான்.”

“உன்னைப் பாத்தால் அகதியெண்டு ஆரடா நம்புவான்?”

“என்ர வழக்கிலை உண்மையான நீதவானே நம்பினவர், அண்ணை.”

நியாயமான மறுமொழி. ஆனால் நாடகம் எழுதியவன் நான். அவனைக் கதிரையில் ஏற்றி உட்கார வைத்தேன். நீதவானுக்கு நான் எழுதியிருந்தது வெறும் நாலு கேள்வி. பெயர் என்ன, வயது என்ன, எப்படி வந்தாய், யாரைத் தேடி வந்தாய். ஒத்திகையில் அவன் சும்மா பகிடிக்கு வெள்ளைக்காரன் மாதிரி நாக்கை வளைக்காமல் கேட்டான். “உன் பேர் என்னா மேன்? கப்பல்லா வந்தாய், ப்லேனா?” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்படியே விடு என்றேன். மண்டபமும் விழுந்து விழுந்து சிரித்தது. கதாநாயகனாக நடித்தவனை அடுத்த நாள் கடையில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. டெனிஸ்டனைப் பார்த்து மீன் வெட்டுகிறவன் கத்தியை வைத்துவிட்டு எழும்பி நின்றானாம்.

அன்றிலிருந்து அவன் டெனிஸ்டன் துரை. அவன் பேசியது துரைத் தமிழ். போன வருசத்துக்கு முன்னம் பத்தொன்பது நாடகம் போட்டிருக்கிறோம். பத்தொன்பதிலும் அவன் வெள்ளைக்காரன். நீதவான், குடிவரவு அதிகாரி, தொழிற்சாலை மேலாளர், வீட்டுச் சொந்தக்காரன், பொலிஸ், டொக்ரர், சரித்திர நாடகத்தில் ஒல்லாந்தத் தளபதி. தவக்காலத்தில் பங்குக் கோயில்காரர் திருப்பாடுகளின் காட்சி போட்டபோது அவனைக் கண்டவுடனே பிலாத்து கிடைத்துவிட்டான் என்று சந்தோசப்பட்டார்களாம். ரோமாபுரியின் ஆளுநர் துரைத் தமிழில் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவினார். நத்தாருக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நத்தார் தாத்தாவும் அவன்தான். வடதுருவத்திலிருந்து வருகிறவரும் துரைத் தமிழ்தான் பேசினார்.

சனம் வேடத்தை வேடமாக விட்டதா? இல்லை. அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்து, “உது என்ன எழுதியிருக்கிறாங்களெண்டு பாருங்கோ” என்றார்கள். குடியுரிமை நேர்முகத்துக்குப் போகிறவர்கள் முதல் நாள் அவன் வீட்டுக்கு வந்து ஒத்திகை பார்த்தார்கள். அவன் சமையலறை மேசையில் கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்து அதட்டுவான், அவர்கள் நடுங்கி நடுங்கி மறுமொழி சொல்வார்கள். உண்மையான அதிகாரியைக் கண்டபோது பயமே வரவில்லை என்று பிறகு வந்து நன்றி சொன்னவர்கள் உண்டு. அவன் மனைவி புனிதவதிதான் பாவம். “குப்பை கொண்டுபோய்ப் போடுங்கோ எண்டு சொன்னாலும் இந்த மனிசன் துரைத் தமிழிலைதான் மறுமொழி சொல்லுது” என்பாள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். இரண்டாவது வருசம் ரிக்கற் விற்கவில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. அப்போது எனக்கு ஒரு புத்தி வந்தது. நோட்டீசில் அவன் பெயருக்கு முன்னாலிருந்த சூசைப்பிள்ளையை எடுத்தேன். அந்த இடத்தில் ‘கனேடியக் கலைஞர்’ என்று போட்டேன். பொய்யில்லை; அந்த வருசம்தான் அவனுக்குக் குடியுரிமை கிடைத்திருந்தது. “நாடகம் முடிஞ்சு சனத்தோடை நிக்கேக்கை சாதாரணமாக் கதைக்காதை. கதைச்சால் துரைத் தமிழிலை கதை” என்றும் சொல்லி வைத்தேன். வெள்ளைக்காரன் ஒருத்தன் தமிழ் பழகி நடிக்கிறானாம் என்ற கதை அஜக்ஸ் வரைக்கும் போனது, பிரம்ரன் வரைக்கும் போனது. மண்டபம் நிறைந்தது. அவனைத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு உண்மையைச் சொல்லவில்லை. அது அவர்களுக்கு ஒரு பகிடி. நானும் சொல்லவில்லை, அது எனக்கு வியாபாரம். டெனிஸ்டன் மட்டும் ஒருநாள் கேட்டான்.

“அப்பான்ர பேரை ஏனண்ணை எடுத்தனீங்கள்?”

“இடம் காணாது” என்றேன். இப்படித்தான் வாயில் வந்தது.

இங்கிலிசுத் திரையிலும் அவன் நடித்திருக்கிறான். சிரிக்காதீர்கள், உண்மைதான். ரொறன்ரோவில் தெருவை மறித்து, நியூயோர்க் என்று சொல்லிப் படம் பிடிப்பார்களே, அதற்கெல்லாம் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு பெண்மணி இவனுடைய படத்தை வாங்கி வைத்திருந்தாள். எங்கள் மேடையில் வெள்ளைக்காரனாக நின்றவன் உண்மையான வெள்ளைக்காரருக்குப் பக்கத்தில் நின்றவுடன் கறுத்துப் போனான். அங்கே அவனுக்குக் கிடைத்தது வாடகைக்கார் ஓட்டுநர், மூலைக் கடைக்காரர், ஆஸ்பத்திரியில் இரண்டாவது கட்டில் நோயாளி. ஒரு தொடரில் மிச்சக் காசு கொடுக்கிற கை மட்டும் தெரிந்தது. அது இவனுடைய கை. கடைசியில் பெயர் ஓடும்போது ‘கடைக்காரர் இரண்டு’ என்று போட்டார்கள். “கடைக்காரர் ஒண்டு ஆரெண்டு கேட்டன் அண்ணை. அவரை வெட்டிப் போட்டினமாம்” என்றான்.

இளவாலைப் பாதிரிமாரிடம் படித்த இங்கிலிசு அவனுடையது. அது சரியில்லையாம். இன்னும் கொஞ்சம் இந்தியன் மாதிரிப் பேசச் சொன்னார்களாம். டெனிஸ்டன் இந்தியாவைப் பார்த்தது சென்னை விமான நிலையத்தில் ஆறு மணித்தியாலம். ஆகவே தன் கட்டடத்தில் குடியிருந்த கோயம்புத்தூர் ரகுநாதனிடம் பழகப் போனான். ரகுநாதன் கணினிக் கம்பனியில் நாள் முழுவதும் அமெரிக்கர்களுடன் போனில் பேசுகிறவர். “சார், என் ஆக்சென்ட்டை மாத்தறதுக்கே கம்பெனி ஆறு மாசம் டிரெய்னிங் கொடுத்துச்சு. பழசு எனக்கே மறந்துபோச்சு” என்று கையை விரித்துவிட்டார். கடைசியில் இவனாகவே ஒன்றைச் செய்து பேசினான். படப்பிடிப்பில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. இப்படியே தமிழ் மேடையில் வெள்ளைக்காரன் தமிழும், இங்கிலிசுத் திரையில் யாரோ ஒருவனின் இங்கிலிசுமாக முப்பது வருசம் ஓடிவிட்டது. அவனுடைய சொந்த வாயால் பேசச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

போன வருசம் தை மாதம் ஒருநாள், காலை பஸ் ஓட்டத்தை முடித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். முப்பதாவது ஆண்டு நாடகத்துக்கு என்ன வேசம் என்று கேட்டான். வங்கி மேலாளர் என்றேன்.

“அண்ணை, எனக்கு ஒரு தமிழன்ர வேசம் தாங்கோ.”

“உனக்கென்ன விசரே? சனம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். எனக்கு அறுபத்திமூண்டு வயசு. முழங்கால் ரெண்டும் போட்டுது. சாக முன்னம் ஒருக்கா என்ர குரலிலை மேடையிலை கதைக்கோணும்.”

அப்புறம்தான் சொன்னான். அவனுக்கு வின்சன்ற் என்று ஒரு தம்பி இருந்தானாம். தொண்ணூற்றாறில், பத்தொன்பது வயதில், ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்களாம். அவ்வளவுதான். டெனிஸ்டன் இங்கே இருந்தான். ஊரில் தாய் ஒவ்வொரு கந்தோராக, ஒவ்வொரு ஆணைக்குழுவாகப் போய் விபரம் கொடுத்தாள். பெயர் என்ன, வயது என்ன, எவ்வளவு உயரம், கடைசியாக என்ன உடுப்பு. ஒவ்வொரு தடவையும் புது அதிகாரி, அதே கேள்வி. பதினாலு தடவை சொன்னாளாம். பதினைந்தாவது தடவைக்குக் கூப்பிட்ட கடிதம் வந்தபோது அவள் இல்லை.

“அம்மா அங்கை மறுமொழி சொல்லிக்கொண்டிருக்கேக்கை நான் இஞ்சை மேடையிலை ஏறி நிண்டு உன் பேர் என்னா மேன் எண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறன். பத்தொன்பது தரம் கேள்வி கேட்டிட்டன் அண்ணை. ஒருக்கா மறுமொழி சொல்ல விடுங்கோ.”

தொண்ணூற்றாறில் நாங்கள் போட்டது குடிவரவு அதிகாரி நாடகம். நல்ல நினைவிருக்கிறது. அந்த வருசம் அவன் ஒரு ஒத்திகைக்கும் பிந்தவில்லை. தம்பியைக் காணவில்லை என்று எனக்குச் சொல்லவுமில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கள் கேக்கேல்லை” என்றான். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வங்கி மேலாளரைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே மாதத்தில் புது நாடகம் எழுதினேன். தம்பியைத் தொலைத்த தமையன் ஒருவன் ஓர் அதிகாரிக்கு முன்னால் இருந்து விபரம் கொடுக்கிறான். நாடகம் முழுவதும் அவ்வளவுதான். தம்பியின் பெயரை மாற்ற வேண்டாம், வின்சன்ற் என்றே இருக்கட்டும் என்றான் டெனிஸ்டன். அதிகாரிக்கு வினோதனைப் பிடித்தேன். இங்கே பிறந்து வளர்ந்தவன், வங்கியில் வேலை, முப்பது வயது. வேசம் எதுவும் தேவைப்படவில்லை. டெனிஸ்டன் முப்பது வருசம் மினக்கெட்டுப் பேசிய துரைத் தமிழ் வினோதனுக்குத் தாய்மொழி. “அங்கிள், ஐ டோன்ற் இவன் ஹாவ் ரு அக்ற்” என்றான். அவன் நடிக்கத் தேவையில்லைத்தான்.

சிக்கல் டெனிஸ்டனிடம் வந்தது. வீட்டில் இருந்து வசனம் பாடமாக்கும்போது ஒழுங்காகப் பேசுவான். ஒத்திகையில் எழும்பி நின்றவுடன் நாக்கு நேராகிவிடும். “என் தம்பி பேர் வின்சன்ற்” என்று துரை பேசும். திரும்பச் சொல்லு என்பேன். திரும்பவும் துரைதான். மூன்று கிழமை இதே கோதாரி. ஒருநாள் ஒத்திகை நடுவில் நாற்காலியில் இருந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அந்த ஆளை நான் அப்படிப் பார்த்ததில்லை. வேண்டாமென்று விட்டுவிடுவோமா என்று நினைத்தேன். புனிதவதிதான் தன் போனை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“ஊரிலை இருக்கிற உங்கட தங்கச்சியோடை ஞாயிற்றுக்கிழமையிலை எப்பிடிக் கதைக்கிறனீங்கள்? அப்பிடிக் கதையுங்கோ. இவரைப் பாக்காதையுங்கோ.”

இவர் என்றது என்னை. போனைக் காதில் வைத்துக்கொண்டு அவன் பேசத் தொடங்கினான். இளவாலைத் தமிழ் வந்தது. மடைதிறந்தது போல் ஒன்றும் வரவில்லை. தயங்கித் தயங்கி, இடையிடையே தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது. இரண்டு மாதத்தில் போன் இல்லாமலே பேசினான்.

ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு நாடகம். மூன்று மணி என்றால் எங்கள் ஆட்களுக்கு நாலரை. குத்துவிளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, பிரதம விருந்தினர் நாற்பது நிமிசம். பள்ளிக்கூட மண்டபம், அறுநூறு பேர். நோட்டீசில் இந்த முறை ‘சூசைப்பிள்ளை டெனிஸ்டன்’ என்று போட்டேன். ‘கனேடியக் கலைஞர்’ எடுத்துவிட்டேன். ஆனால் யார் நோட்டீஸ் வாசிக்கிறார்கள்? படத்தைப் பார்க்கிறார்கள். துரை நடிக்கிறாராம் என்றுதான் வந்தார்கள்.

திரை விலகியது. சாரமும் சேட்டும் போட்டுக்கொண்டு டெனிஸ்டன் உள்ளே வந்தான். கைதட்டல், விசில். பின்வரிசையில் ஒருத்தன் “துரை” என்று கத்தினான். டெனிஸ்டன் அதிகாரிக்கு முன்னால் இருந்தான். “ஐயா, என்ர தம்பியைக் காணேல்லை” என்றான்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது.

இரண்டாவது வசனத்துக்கும் சிரித்தார்கள். மூன்றாவதுக்கும். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரேயொரு தடவை நாக்கை நேராக்கினால் போதும், மண்டபம் அவன் காலடியில் கிடக்கும். அது அவனுக்கும் தெரியும். நாக்கை அவன் நேராக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, அடுத்த வசனத்தைச் சொன்னான். வினோதன் கேட்டுக்கொண்டே போனான். வயது. பத்தொன்பது. உயரம். “என்ர தோளுக்கு வருவான். இப்ப வளந்திருப்பானோ தெரியாது.” இதற்கு முன்வரிசை சிரிக்கவில்லை. கடைசியாக என்ன உடுப்பு. “நீலக் கோடு போட்ட சேட்டு. நான் இஞ்சையிருந்து அனுப்பினது. அளவு பெரிசு. கையை மடிச்சுவிட்டுப் போட்டவனாம்.” இதற்குப் பின்வரிசையும் சிரிக்கவில்லை. நாடகம் முடிந்தபோது கைதட்ட ஒரு நிமிசம் பிந்திவிட்டது. பிறகு தட்டினார்கள். எழும்பி நின்று தட்டினார்கள். திரைக்குப் பின்னால் டெனிஸ்டன் என்னைக் கட்டிப்பிடித்தான். “சொல்லிப் போட்டன் அண்ணை” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருசத்தில் முதன்முதலாக ஓர் ஒழுங்கான வேலை செய்தேன் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு வெளிமண்டபம் வரைக்கும்தான் இருந்தது. அங்கே தியாகலிங்கம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். றிச்மண்ட் ஹில்லில் பெரிய வீடு, எங்கள் ஒவ்வொரு நாடகத்துக்கும் முதல் ரிக்கற் வாங்குகிறவர், இலக்கணம் பார்க்கிறவர்.

“சண்முகலிங்கம், ஒரு உச்சரிப்புப் பிழை இல்லை. அச்சொட்டா எங்கட ஆக்கள் கதைக்கிற மாதிரியே கதைக்கிறான். முந்தி நாக்கே வளையாது அவனுக்கு. எத்தினை வருசம் பழக்கினனீர்?”

நான் வாயைத் திறந்தேன். திறந்தால் சொல்ல வேண்டியது என்ன? அவன் இளவாலை சூசைப்பிள்ளையின் மகன், உங்களை முப்பது வருசம் ஏமாற்றியவன் நான் என்று சொல்ல வேண்டும். “கொஞ்ச நாள்தான்” என்றேன். கேவலமான பிறவி நான். அவர் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

டெனிஸ்டனைத் தேடினேன். உடுப்பு மாற்றிக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வாசல் பக்கத்தில் நின்றான். பொன்னாடை கழுத்தில் கிடந்தது. ஒரு வயதான அம்மா அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தார். அன்னம் என்று பெயர், அஜக்ஸிலிருந்து ஒவ்வொரு நாடகத்துக்கும் வருகிறவர். மகள் கார் எடுக்கப் போயிருந்தாள். அம்மா அழுதுகொண்டே பேசினார். நான் கிட்டப் போனபோது காதில் விழுந்தது இதுதான்.

“ஐயா, நீங்கள் எங்கட ஆளில்லை. எண்டாலும் எங்கட வேதனையை இப்பிடி விளங்கிவைச்சிருக்கிறியளே. என்ர பிள்ளைக்காக நான் ஏறாத கந்தோரில்லை. இஞ்சை வந்தும் எத்தினை வெள்ளைக்காரருக்கு எழுதிக் குடுத்தன். ஒருத்தரும் முகத்தைப் பாத்துக் கேக்கேல்லை. நீங்கள் எங்கட பாசையைப் பழகி, பாடமாக்கி, எங்களுக்காக மேடையிலை ஏறி நிண்டு அழுதியளே ஐயா. ஒரு வெள்ளைக்காரனாவது விளங்கிக்கொண்டானெண்டு நான் இனி நிம்மதியாக் கண்ணை மூடுவன்.”

டெனிஸ்டனின் முகத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் திரைக்குப் பின்னால் நான் பார்த்த முகம் அது. “அம்மா, நான்…” என்று தொடங்கினான். சுத்தமான இளவாலைத் தமிழ். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் நிறுத்திவிட்டான்.

பக்கத்தில் நின்ற புனிதவதி அவன் கோட்டுக் கையைப் பிடித்து, “வாங்கோ, வீட்டை போவம்” என்று மெல்ல இழுத்தாள். அவன் அசையவில்லை. கோட்டுப் பொக்கற்றிலிருந்து பேனாவை எடுத்தான். நாடகத்தின் நிகழ்ச்சித்தாளை மடித்து, வெறுமையாயிருந்த பக்கத்தை மேலே வைத்தான். தோளை நிமிர்த்தினான். நாக்கை நேராக்கினான்.

“அம்மா, உங்கல் மகன் பேர் என்னா?”

எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகை வந்தது. பாய்ந்து போய் இவன் சூசைப்பிள்ளையின் மகன், இவன் எங்கட ஆள், தன்னுடைய சொந்தத் தம்பிக்குத்தான் அழுதவன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. முப்பது வருசத்துக்கு முன்னால் அவனை அந்தக் கதிரையில் ஏற்றி உட்கார வைத்தது யார்?

அந்த அம்மா அவன் கையை விட்டார். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்து, அதிகாரிக்கு முன்னால் நிற்கிறவர்கள் நிற்பதைப்போல் நேராக நின்றார்.

“சிவபாதம் தயாபரன். வயசு இருபத்திரண்டு.”

“எவ்லோ உயரம்?”

அம்மா கையைத் தன் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். அது காணாது என்று நினைத்து, குதிக்காலை எழுப்பி இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். டெனிஸ்டன் அதைப் பார்த்து எழுதிக்கொண்டான். கடைசியாக என்ன உடுப்பு என்று கேட்டான். சொன்னார். ஒவ்வொரு சொல்லையும் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டு எழுதினான். மகள் வந்து கார் வாசலில் நிற்கிறது என்று கூப்பிட்டாள். அம்மா கை காட்டி அவளைப் பொறுக்கச் சொன்னார்.

நான் போய்க் கதிரைகளை அடுக்கத் தொடங்கினேன். வேறென்ன செய்ய? நாலு வரிசை அடுக்கிவிட்டு வந்து பார்த்தேன். டெனிஸ்டன் இன்னும் எழுதிக்கொண்டிருந்தான். அந்த அம்மாவுக்குப் பின்னால் மூன்று பேர் விபரம் கொடுக்க வரிசையாக வந்து நின்றார்கள். முதல் இரண்டு பேரும் பெண்கள். மூன்றாவதாக, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தியாகலிங்கம் நின்றார்.